அழுமுன் கிடைப்பதும் அழுதபின் கிடைப்பதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும், லயங்கள் என்னும் தோட்டத்து வரிசை வீடுகள் இடிக்கப்பட்ட பின் நகரத்துத் தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், குடியேறிய குடும்பங்களிலிருந்தும், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான எங்கள் மறுவாழ்வு மையத்துக்குப் பிள்ளைகளை அழைத்து வருபவர்கள், பெயர் பதியும்போதே பிள்ளையின் பிடிவாதத்துக்கான காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். "பாட்டி செல்லம் குடுத்துக் கெடுத்துட்டாங்க டீச்சர்" என்பது மருமகளின் கட்சி. "இவ வேலைக்குப் போயிடுறா, பிள்ளைய யாரு கவனிக்கிறா?" என்பது மாமியாரின் கட்சி. கைத்தொலைபேசியைக் குற்றஞ்சாட்டுவதில் மட்டும் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். மூன்று குற்றச்சாட்டுகளிலும் எடைபோடப்படுவது அளவுதான்: யாரோ அதிகம் கொடுத்துவிட்டார்கள், அல்லது யாரோ போதாமல் கொடுத்தார்கள். இந்த மையத்தில் இருந்த ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்டது வேறு. ஒரு பிஸ்கட்டோ ஓர் அரவணைப்போ ஓர் அதட்டலோ எந்தச் செயலுக்கு அடுத்த நொடியில் வந்து சேர்கிறது என்பதுதான் பிள்ளைக்குப் பாடமாகிறது. அதே பிஸ்கட்டை ஐந்து நிமிடம் முன்னதாகக் கொடுத்திருந்தால் அது வெறும் பிஸ்கட். பிள்ளை தலையைச் சுவரில் மோதிய பின் கொடுத்தால் அது மோதலுக்கான கூலி.

கடைத்தெருவில் மாலை ஐந்தரை மணிக்கு நின்று பார்த்தால் இது விளங்கும். தொழிற்சாலைப் பேருந்து பெண்களை இறக்கிவிட்டுப் போகும் நேரம் அது. பாட்டியிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, இரவுச் சமையலுக்கு முட்டையோ கருவாடோ எடுக்க மளிகைக் கடைக்குள் நுழைகிறாள் ஒரு தாய். கல்லாவுக்குக் கீழே, சரியாக நான்கு வயதுப் பிள்ளையின் கண்மட்டத்தில், பொட்டலங்களும் இனிப்புகளும் தொங்குகின்றன. பிள்ளை கையை நீட்டுகிறான். "வேணாம்பா, அப்புறம் சோறு சாப்பிட மாட்ட" என்கிறாள். அவன் சிணுங்குகிறான், அவள் அசையவில்லை. குரலை உயர்த்துகிறான், பல்லைக் கடித்துக்கொண்டு அப்போதும் இல்லை என்கிறாள். அவன் தரையில் விழுந்து காலை உதைக்கிறான். வரிசையில் பின்னால் நிற்பவர் அவளுடைய மாமனாரோடு ரப்பர்த் தோட்டத்தில் பக்கத்து நிரையில் பால் வெட்டியவர். அவருக்கும் பின்னால் கோயில் செயலவைக்காரரின் மனைவி. "வாங்கிக் குடுத்திடும்மா, பாவம், பிள்ளதானே" என்று ஒரு குரல் வருகிறது. விலை ஒன்றரை வெள்ளி. பொட்டலம் கைக்கு வந்ததும் கடை அமைதியாகிவிடுகிறது.

அந்த ஒன்றரை வெள்ளியில் இரண்டு பேர் பாடம் படித்திருக்கிறார்கள். கேட்பது, சிணுங்குவது, கத்துவது ஆகிய மூன்றும் பலிக்கவில்லை, தரையில் விழுவது பலித்தது என்பது பிள்ளை படித்தது. அடுத்த முறை அவன் முதல் மூன்று படிகளையும் விரைவாகத் தாண்டி நேரே நான்காவதுக்கு வருவான், வருகிறான். தாய் படித்தது, கொடுத்துவிட்டால் இந்த அவமானம் உடனே நிற்கும் என்பது. பிள்ளைக்கு ஒரு பொருள் வந்து சேர்ந்தது. தாய்க்கு ஒரு துன்பம் விலகியது. நடத்தை ஆய்வில் முதலாவதை நேர்மறை வலுவூட்டல் என்றும் இரண்டாவதை எதிர்மறை வலுவூட்டல் என்றும் சொல்கிறார்கள். எதிர்மறை என்றதும் பலர் தண்டனை என்று நினைத்துக்கொள்கிறார்கள்; அது தவறு. வேண்டாத ஒன்று விலகுவதால் ஒரு செயல் வலுப்பெறுவதே அது, தலைவலி நின்றதால் அதே மாத்திரையை மறுபடியும் தேடுவதைப்போல.

இதன் அடிப்படை பழையது. 1898இல் எட்வர்டு தார்ண்டைக் பூனைகளைப் புதிர்ப் பெட்டிகளில் அடைத்து, எந்த அசைவு கதவைத் திறந்ததோ அந்த அசைவு நாளடைவில் நிலைத்து மற்ற அசைவுகள் உதிர்ந்துபோவதைப் பதிவுசெய்தார். பி. எஃப். ஸ்கின்னர் 1930களில் இதை ஓர் ஆய்வு முறையாக வளர்த்தார். ஆனால் அந்தக் கடையில் நடந்ததைத் துல்லியமாகப் பிடித்தவர் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பணியாற்றிய ஜெரால்டு பேட்டர்சன். அவருடைய குழுவினர் வீடுகளுக்கே சென்று, பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் செய்வதை நொடிக்கு நொடி குறித்துக்கொண்டார்கள். 1982இல் நூலாக வந்த அந்த ஆய்வுகளில், பிள்ளை பெற்றோரை வற்புறுத்துவதும் பெற்றோர் பிள்ளையை வற்புறுத்துவதும் ஒன்றையொன்று எவ்வாறு வளர்க்கின்றன என்பதை அவர் காட்டினார். யார் முதலில் பணிகிறாரோ அவருக்கு அந்தக் கணத்தில் நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே இருவரையும் மறுபடி அதே இடத்துக்கு அழைத்து வருகிறது. நம் பெரியவர்கள் அழுத பிள்ளை பால் குடிக்கும் என்றார்கள். பால் கொடுத்தவளுக்குக் கிடைத்த அமைதியைப் பற்றிப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.

இதே கடையின் எதிர்ப்புறச் சுவரில், வண்ணப் பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட மெல்லிய பிரம்புகளும் தொங்கும். செல்லம் கொடுத்ததால்தான் இப்படி என்று நம்புகிற குடும்பம் அடுத்து எட்டிப் பிடிப்பது அதைத்தான். பிரம்பு பிள்ளைக்கு என்ன செய்கிறது என்பது தனி விவாதம். அது அடிப்பவருக்கு என்ன செய்கிறது என்பதை நாம் பேசுவதே இல்லை. ஓர் அடி விழுந்ததும் கத்தல் நின்றுவிடுகிறது. நின்றது அரை மணி நேரத்துக்குத்தான் என்றாலும், நின்ற அந்தக் கணம் அடித்தவருக்குப் பலனாகப் பதிகிறது. அதனால்தான் "அடிச்சாத்தான் டீச்சர் கேக்குறான்" என்று சொல்கிற அதே தகப்பன், நாள்தோறும் அடிக்க வேண்டியிருப்பதை முரணாக உணர்வதில்லை. வேலை செய்கிற மருந்து என்றால் அளவு குறைந்துகொண்டே வர வேண்டும். இங்கே கூடிக்கொண்டே போகிறது.

ஒரு பழைய ஆய்வைப் பெற்றோரிடம் நான் அடிக்கடி சொல்வதுண்டு, ஏனென்றால் அதில் ஓர் அத்தை வருகிறார். அல்லது சித்தியோ பெரியம்மாவோ, ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல்தான். 1959இல் கார்ல் வில்லியம்ஸ் வெளியிட்ட மிகச் சிறிய அறிக்கை அது. பிறந்ததிலிருந்து முதல் ஒன்றரை ஆண்டுகள் கடுமையான நோயில் கிடந்து தேறிய, 21 மாத ஆண் குழந்தை. நோய்க் காலத்தில் பெற்றோரும் அந்த உறவுக்காரப் பெண்மணியும் அவனை இரவும் பகலும் பார்த்துக்கொண்டார்கள். உடம்பு தேறிய பின்னும், அவன் தூங்கும்வரை யாராவது ஒருவர் அறையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அவர் எழுந்தால் அலறுவான், புத்தகத்தை எடுத்துப் படித்தால்கூட, அதைக் கீழே வைக்கும்வரை அழுவான். மருத்துவரீதியாக ஒன்றுமில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகு, அன்போடு படுக்க வைத்துவிட்டு, கதவை மூடிக்கொண்டு வெளியே வந்துவிடுவது, அழுதாலும் திரும்பப் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். முதல் இரவு 45 நிமிடம் அழுதான். பத்தாவது முறையில் அழுகை மட்டுமல்ல, சிணுங்கலும் போய், அவர்கள் வெளியேறும்போது சிரித்தான்.

ஏறக்குறைய ஒரு வாரத்துக்குப் பிறகு, அந்த உறவுக்காரப் பெண்மணி படுக்க வைத்த ஓர் இரவில் அவன் மறுபடி அழுதான். அவர் மனம் பொறுக்காமல் உள்ளே திரும்பிப் போய், அவன் தூங்கும்வரை உடன் இருந்துவிட்டார். அந்த ஓர் இரவு போதுமானதாக இருந்தது. அழுகை பழைய அளவுக்கே திரும்பியது. முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இரண்டாவது சுற்றும் பலித்தது, அடுத்த இரண்டாண்டுகளில் அந்தப் பிரச்சினை தலைதூக்கவில்லை என்று அறிக்கை முடிகிறது. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்கள் அந்த முடிவைக் காதில் வாங்குவதில்லை. "எங்க வீட்டுல இதே மாதிரி நாலு பேரு டீச்சர்" என்று சிரிக்கிறார்கள்.

அந்தச் சிரிப்பில் உண்மை இருக்கிறது. வில்லியம்ஸ் எழுதிய வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர், மூடுவதற்கு ஒரு கதவு, குழந்தைக்குத் தனி அறை. எங்கள் பக்கத்தில் இன்னும் எஞ்சியிருக்கும் லய வீடுகளில் பலகைச் சுவர் ஒன்றுதான் இரண்டு குடும்பங்களைப் பிரிக்கிறது. தாமான் வீடுகளிலும் தாத்தா, பாட்டி, திருமணமாகாத சித்தப்பா, பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் அத்தை என்று விட்டுக்கொடுப்பவர்கள் பலர். முன்பு ஆயாக் கொட்டகை என்று ஒன்று இருந்தது. விடியுமுன் பால்வெட்டுக்குப் போகிற தாய் பிள்ளையை அங்கே விட்டுச் செல்வாள், ஓர் ஆயாவின் கைக்குக் கீழே இருபது பிள்ளைகள் ஒரே ஒழுங்குக்குப் பழகிவிடும். அந்த இடத்துக்காக நான் ஏங்கவில்லை, அதன் குறைகள் அதில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அங்கே பதில் சொல்பவர் ஒருவராக இருந்தார். இப்போது ஒரே அழுகைக்கு ஐந்து பேரிடமிருந்து ஐந்து பதில்கள் வருகின்றன: அம்மா மறுக்கிறாள், பாட்டி கொடுக்கிறாள், தாத்தா சில நாள் கொடுக்கிறார் சில நாள் விரட்டுகிறார், பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு மேலே பலகாரத்தை நீட்டுகிறார்.

எப்போதாவது மட்டும் பலிக்கும் செயல் எப்போதும் பலிக்கும் செயலைவிடக் கெட்டியாக வேரூன்றும் என்பதை ஸ்கின்னரும் சார்ல்ஸ் ஃபெர்ஸ்டரும் 1957இல் வெளியிட்ட பெரிய ஆய்வுத் தொகுப்பில் புறாக்களை வைத்து விரிவாகக் காட்டினார்கள். நம்மூர்க்காரர்களுக்குப் புறா தேவையில்லை. புதன், சனி, ஞாயிறு தவறாமல் நாலு நம்பர் லாட்டரி எடுப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை ஆறுதல் பரிசு விழுந்தாலும் நிறுத்துவதில்லை. விழாத வாரங்கள் அவரைக் களைப்படையச் செய்வதும் இல்லை. பத்து முறை மறுத்துப் பதினோராவது முறை கொடுக்கும் வீட்டில் பிள்ளை படிப்பது, பதினோரு முறை அழ வேண்டும் என்பதை. உறுதியாக இருக்க முயன்று நடுவில் தளர்ந்துபோகும் தாயின் பிள்ளை, ஆரம்பத்திலேயே கொடுத்துவிடும் தாயின் பிள்ளையைவிட நீண்ட நேரம் அழுவதற்கு இதுவே காரணம். இதைச் சொல்லும்போது என் முன்னால் உட்கார்ந்திருப்பவளின் முகம் மாறும். இவ்வளவு பாடுபட்டும் தனக்குத்தான் கெட்ட பெயரா என்ற நியாயமான கோபம் அது. முழுதாக மறுக்க முடியாது என்று தெரிந்த நாளில் முதல் கேட்பிலேயே கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்வது பலருக்கு வியப்பாக இருக்கிறது. கல்யாண வீட்டிலும் கோயிலிலும் காய்ச்சல் நாளிலும் அதுதான் நல்லது.

பொருள் கேட்டு அழுவது எளிய வகை. பார்த்தவுடன் பிடிபடாதது, திட்டுவதே பரிசாக மாறும் வகை. பேச்சு வராத ஒரு பிள்ளை, காலை முழுதும் நடுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து சிமெண்டுத் தரையைத் தடவிக்கொண்டிருக்கிறான். நல்லபடியாக இருக்கிறானே என்று யாரும் அவன் பக்கம் திரும்புவதில்லை. அடுப்பு வேலை கிடக்கிறது, துணி கிடக்கிறது. அவன் தன் கையைக் கடிக்கிறான். உடனே மூன்று பேர் ஓடி வருகிறார்கள். ஒருவர் கையைப் பிடிக்கிறார், ஒருவர் "ஏன்டா இப்படிப் பண்ற?" என்று கண்ணைப் பார்த்துக் கேட்கிறார், பாட்டி மடியில் போட்டுக்கொண்டு தடவிக் கொடுக்கிறார். நாள் முழுவதிலும் அவனுக்குக் கிடைத்த நீண்ட உரையாடல் இதுவே. பெரியவர்களுக்கு அது கண்டிப்பு. அவனுக்கு அது துணை.

பால்டிமோரில் பிரையன் இவாட்டாவும் உடன் பணியாற்றியவர்களும் 1982இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் வழி காட்டியது. தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ளும், வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒன்பது பேரை, வெவ்வேறு சூழல்களில் 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். ஒரு சூழலில் காயப்படுத்திக்கொண்டால் அக்கறையோடு "வேண்டாம், வலிக்கும்" என்று சொல்வார்கள்; இன்னொன்றில் பாடம் சொல்லிக்கொடுத்து, காயப்படுத்திக்கொண்டால் பாடத்தை நிறுத்துவார்கள்; ஒன்றில் கேட்காமலே கவனிப்பும் விளையாட்டும்; ஒன்றில் தனிமை. ஒன்பதில் ஆறு பேரிடம் ஏதோ ஒரு குறிப்பிட்ட சூழலில் மட்டும் அந்தச் செயல் தொடர்ந்து மிகுந்தது, அதுவும் ஆளுக்கு ஆள் வேறு சூழலில். ஒரே மாதிரித் தோன்றும் கடியும் மோதலும் ஒருவருக்குத் துணையைத் தேடித் தருகிறது, இன்னொருவரைப் பாடத்திலிருந்து விடுவிக்கிறது, வேறொருவருக்கு யாரும் இல்லாதபோதும் உடம்புக்குள் ஏதோ ஒன்றைக் கொடுக்கிறது. ஆகவே "கடிச்சா என்ன பண்ணணும்?" என்று கேட்பவருக்கு ஒரே விடை கிடையாது. கவனிப்புக்காகக் கடிப்பவனை மூலையில் உட்கார வைத்தால் ஒருவேளை குறையலாம். பாடத்திலிருந்து தப்பிக்கக் கடிப்பவனை மூலையில் உட்கார வைத்தால், அவன் கேட்டதையே நாம் கொடுத்திருக்கிறோம்.

தப்பிக்கும் வகையைப் பள்ளியிலும் வீட்டிலும் நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுக்கும்போது தட்டைத் தள்ளிவிடுகிற பிள்ளைக்கு அம்மாவே ஊட்டிவிடுகிறாள். பல் துலக்கும்போது அலறுகிறவனுக்கு வாயை மட்டும் கொப்பளித்து விடுகிறார்கள். பென்சிலைத் தூக்கி எறிகிறவனிடம் ஆசிரியர் வண்ணம் தீட்டும் தாளைக் கொடுக்கிறார், பிறகு அதுவும் நின்றுபோகிறது. ஒவ்வொரு விட்டுக்கொடுப்பும் அந்த நேரத்துக்கு இரக்கமாகத்தான் தெரிகிறது. எட்வர்டு காரும் உடன் ஆய்வாளர்களும் 1991இல் இதைப் பெரியவர்கள் பக்கமிருந்து பார்த்தார்கள்: கற்றுக்கொடுக்கும்போது முரண்டு பிடிக்கும் பிள்ளையோடும் அமைதியான பிள்ளையோடும் ஒருசேர அமர்ந்த பெரியவர்கள், முரண்டு பிடிக்கும் பிள்ளைக்குக் குறைவாகவே கற்றுக்கொடுத்தார்கள், கற்றுக்கொடுத்ததும் முரண்டு எழாத எளிய வேலைகளையே. அவர்களை அப்படிச் செய்யச் சொன்னவர் யாருமில்லை. பிள்ளை அவர்களைப் பழக்கியிருந்தான். பத்து வயதில் பட்டன் போடத் தெரியாமல் எங்களிடம் வருகிற சில பிள்ளைகளின் விரல்களில் குறை ஒன்றும் இருப்பதில்லை.

இவ்வளவும் கேட்ட பின் "அப்போ கண்டுக்காம விட்டுடணும், அவ்வளவுதானே?" என்று கிளம்புகிறவர்களை நான் நிறுத்தி வைக்கிறேன். பலன் கிடைக்காமல் போகும்போது, பழகிய செயல் அடங்குவதற்கு முன் பல நேரங்களில் பெருகி எழும். வழக்கமாக வேலை செய்யும் விசை வேலை செய்யாதபோது நாம் எல்லோரும் அதை இன்னும் பலமாகத்தான் அழுத்துகிறோம். அழுபவன் வாந்தி எடுக்கும்வரை அழுவான், இதுவரை செய்யாத ஒன்றைச் செய்து பார்ப்பான். பலகைச் சுவருக்கு அப்பால், விடியற்காலை நாலரைக்கு எழுந்து வேலைக்குப் போக வேண்டியவர் இருமுகிறார், பிறகு சுவரைத் தட்டுகிறார். பெரும்பாலான வீடுகள் தளர்வது அங்கேதான். அந்த உச்சத்தில் கொடுத்துவிட்டால், இனி உச்சத்துக்கு வந்தால்தான் கிடைக்கும் என்று நாமே கற்றுக்கொடுத்தவர்களாகிறோம். எனவே அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லி வைக்காமல் இதைத் தொடங்க வேண்டாம் என்கிறேன். "ஒரு வாரத்துக்குச் சத்தம் வரும்ணே, கோவிச்சுக்காதீங்க" என்று ஒரு தட்டுப் பலகாரத்தோடு போய்ச் சொன்ன ஒரு மாமியாரைத் தெரியும். இந்த வேலையில் நான் பார்த்த புத்திசாலித்தனமான ஏற்பாடுகளில் அது ஒன்று.

தலையை மோதுவது, கண்ணைக் குத்துவது, கையைப் புண்ணாகும்வரை கடிப்பது ஆகியவற்றில் கண்டுகொள்ளாமல் விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அடிபடாமல் தடுத்தே ஆக வேண்டும். முகத்தில் பதற்றமும் வாயில் நீண்ட பேச்சும் இல்லாமல் தடுக்கலாம், அவ்வளவே. திடீரென்று தொடங்கிய நடத்தையாக இருந்தால் முதலில் போக வேண்டியது கிளினிக்குக்கு. பேச்சு வராத பிள்ளைக்குக் காதுவலியும் சொத்தைப் பல்லும் நாலு நாள் மலச்சிக்கலும் தலைமோதலாகத்தான் வெளிவரும். வலிக்கிற பிள்ளையை நடத்தைத் திட்டம் போட்டுத் திருத்தப் பார்ப்பது கொடுமை.

எனக்கு நம்பிக்கை தருவது வேறு வழி. எட்வர்டு காரும் மார்க் டுராண்டும் 1985இல் நான்கு பிள்ளைகளிடம் செய்து காட்டியது அது. பிள்ளை முரண்டு பிடிப்பதால் எதைப் பெறுகிறது என்று முதலில் கண்டறிந்து, அதையே கேட்டுப் பெற ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். கடினமான பாடத்திலிருந்து தப்ப முரண்டு பிடித்தவர்களுக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல, கவனிப்புக்காகச் செய்தவர்களுக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்க. சரியான வாக்கியம் சரியான பிள்ளைக்குக் கிடைத்தபோது முரண்டு குறைந்தது. பொருந்தாத வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தபோது குறையவில்லை. எங்கள் மையத்தில் வாக்கியத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஒரு படம் ஒட்டிய அட்டையோ கை அசைவோதான். மைலோ குவளைப் படம், "போதும்" என்பதற்கு உள்ளங்கை, "வா" என்பதற்கு நெஞ்சில் ஒரு தட்டு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அட்டை பழைய வழியைவிட விரைவாகப் பலிக்க வேண்டும். கடித்தால் மூன்று நொடியில் ஆள் வரும், அட்டையைக் காட்டினால் "இரு, வரேன்" என்று சமையலறையிலிருந்து குரல் மட்டும் வரும் என்றால், எந்தப் பிள்ளை அட்டையை எடுப்பான்? முதல் சில வாரங்களுக்குக் குழம்பு அடிப்பிடித்தாலும் பரவாயில்லை, ஓடி வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறோம்.

இதைவிட எளியது நேரத்தை முன்னால் நகர்த்துவது. கவனிப்புக்காகக் கடிக்கிறவனிடம், கடிக்காமல் இருக்கும்போதே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்த் தோளைத் தொட்டுவிட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவது. செல்லம் கூடிவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு இது பிடிப்பதில்லை. நாள் முழுதும் கூட்டிப் பார்த்தால் முன்பைவிட அதிகமாகத்தானே கொடுக்கிறோம் என்கிறார்கள். ஆமாம், அதிகம்தான். கடிப்பதற்கும் அதற்கும் தொடர்பு அறுந்துபோவதுதான் நமக்கு வேண்டும். இந்த வேலைக்குப் பாட்டிகளைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. செல்லம் கொடுக்காதீர்கள் என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பாட்டி, "இதே முறுக்கை அவன் சும்மா உக்காந்திருக்கும்போது குடுங்க ஆயா, கத்தும்போது மட்டும் கையில எடுக்காதீங்க" என்றால் உடனே பிடித்துக்கொள்கிறார். அவருடைய அன்பைக் குறைக்கச் சொல்லவில்லையே.

எல்லாவற்றையும் இந்தக் கணக்குக்குள் அடக்கவும் முடியாது. மறதி நோய் கண்ட ஒரு தாத்தா, விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக வேண்டும் என்று கதவைத் தட்டுகிறார். அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பர் மரமே இல்லை, எல்லாம் செம்பனை. அவர் எதையும் அடைவதற்காக அடம் பிடிக்கவில்லை. அவருடைய மூளையில் காலம் கலைந்திருக்கிறது. ஆனாலும் அவரைச் சுற்றி நிற்பவர்கள் வாதாடினால் அவர் பதற்றம் கூடுகிறது, "பெரட்டு இன்னிக்கு லேட்டாம்ப்பா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றால் தணிகிறது. காரணம் நம் பதிலில் இல்லாதபோதும் நம் பதிலுக்கு எடை உண்டு.

வீட்டாரிடம் நான் கேட்பது மூன்று பத்தி போட்ட ஒரு நோட்டுப் புத்தகம்: அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், உடனே யார் என்ன செய்தார்கள். மூன்றாவது பத்தியை யாரும் எழுத விரும்புவதில்லை, அல்லது மற்றவர் செய்ததை மட்டும் எழுதுகிறார்கள். எழுதப் பழக்கமில்லாத பாட்டி ஒருவர், கையைக் கடிக்கும் தன் பேரனைப் பற்றி வாட்ஸ்அப்பில் குரலாகப் பதிந்து அனுப்பினார்; அவற்றில் பிள்ளையின் அழுகையும், அது நின்ற நேரமும், நின்றபோது தட்டு நகர்ந்த ஓசையும் சேர்ந்தே பதிவாகியிருந்தன. எழுத்தில் ஒளிந்துகொள்ளும் மூன்றாவது பத்தி அங்கே தெளிவாகக் கேட்டது. பாட்டி, அம்மா, பக்கத்து வீட்டு ஆச்சி மூவரும் அட்டைக்கு மட்டுமே அசைவது என்று முடிவெடுத்தார்கள். கடிப்பது மெல்லக் குறைந்தது.

சிங்கப்பூரில் வேலை செய்யும் அவனுடைய அப்பா வரும் வாரக் கடைசிகளில் மட்டும் அது திரும்பி வருகிறது. மாதத்துக்கு இரண்டு நாள் பிள்ளையோடு இருப்பவரிடம் மறுக்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை, சொன்னாலும் அவரால் முடியாது. அவர் பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழையும்போதே, பையன் வாயைத் திறக்கும் முன், கைத்தொலைபேசியை அவன் கையில் கொடுத்துவிடட்டும் என்று சொல்லியிருக்கிறோம். வாங்கும்போது அட்டையை ஒருமுறை தொட வைத்தால் போதும். அதை எப்படிச் செய்வது என்று பார்த்துப் பழக, அடுத்த முறை விடுமுறையில் ஒரு திங்கட்கிழமையைச் சேர்த்து எடுத்துக்கொண்டு மையத்துக்கு வருவதாகச் சொன்னார். பாட்டியும் கூடவே வருவாராம், மகன் சரியாகச் செய்கிறானா என்று பார்க்க.